இளையோர் மனநலத்துக்குக் கம்பெனிப் பணம்: அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பார்வை

இளையோர் மனநலத்துக்காக இயங்கும் தொண்டு நிறுவனத்துக்குக் கம்பெனிகளிடம் நிதி திரட்டுவது இந்தியாவில் ஒரு தனி வேலையாக உருவெடுத்தது 2014க்குப் பிறகுதான். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பைக் குறிக்கும் சிஎஸ்ஆர் என்ற மூன்றெழுத்து அதன்பின் தொண்டு நிறுவனங்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் இந்த வகையில் செலவாகும் தொகை ஆண்டுக்கு 25,000 கோடியைத் தாண்டுகிறது. அதில் பெரும்பகுதி கல்விக்கும் உடல்நலத்துக்கும் போகிறது. எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் மனநலம் என்ற சொல் தனியாக இல்லை. நோய்த்தடுப்பு உள்ளிட்ட உடல்நலப் பராமரிப்பு என்ற வரிக்குள்தான் அது அடங்க வேண்டியிருக்கிறது. நிதி திரட்டுபவரின் முதல் வேலையே அந்த வரிக்குள் தன் பணிக்கு இடம் இருக்கிறது என்று எதிரில் இருப்பவரை நம்பவைப்பதுதான்.

தேவையைப் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இதுவே அதிகம். நாடு முழுவதும் இறந்தவர்களில் 13,044 பேர் மாணவர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. அடி அண்ணாமலை இருக்கும் திருவண்ணாமலைக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை வரும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. அந்த வட்டாரத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை பல்லாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவுசெய்துவந்தது. 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளை வைத்து 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 பேரும், ஆண்களில் 58 பேரும் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தார்கள் என்றது அது. இவ்வயதுப் பெண்களின் மொத்த இறப்பில் பாதிக்கு மேல் தற்கொலைதான். காவல் நிலையக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் இந்த எண் வெளியே வந்திருக்காது. வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்கள் எடுத்த கணக்கு என்பதால்தான் வந்தது.

இவ்வளவு பெரிய தேவைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டில் மனநல அமைப்புகள் வேர்விட்டிருந்தன. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1986இல் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காக ஸ்நேகாவை நிறுவினார். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தெருவில் தவிக்கும் மனநோயுற்ற பெண்களுக்காக பேனியனை ஆரம்பித்தார்கள். இம்மூன்றும் பணம் தேடிய வழிகள் வேறுவேறு. ஸ்நேகா தன்னார்வலர்களால் இயங்குவது. அதனால் அதன் செலவும் குறைவு. பேனியனுக்காக மணிரத்னம் 'நேற்று இன்று நாளை' என்ற மேடை நிகழ்ச்சியை இயக்கினார்; திரைப்பட நட்சத்திரங்கள் மேடையேறினார்கள், சென்னை நிதி கொடுத்தது. ஸ்கார்ஃப் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொலைமனநல மருத்துவத்தைத் தொடங்கியபோது டாடா கல்வி அறக்கட்டளை துணைநின்றது. பேருந்து ஒன்றை மாற்றியமைத்து, உள்ளே ஆலோசனை அறையும் மருந்தகமும் வைத்து, கிராமத்தில் இருப்பவர் சென்னையில் இருக்கும் மருத்துவரோடு திரையில் பேச வழிசெய்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் நிதி திரட்டும் கோணத்தில் பார்த்தால், அது ஒரு பேருந்தாக இருந்ததும் உதவியிருக்கும். பேருந்தைப் படம் எடுக்கலாம், பெயர் எழுதலாம், கொடியசைத்துத் துவக்கிவைக்கலாம். பதினாறு வயதுப் பையனோடு ஓர் ஆலோசகர் முக்கால் மணி நேரம் பேசியதற்கு இதில் எதுவும் பொருந்தாது.

திருவண்ணாமலையில் இந்த வேறுபாடு கண்கூடு. அடி அண்ணாமலை, மலையின் மேற்குப் பக்கம், ஆதி அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றி அமைந்த கிராமம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அதன் ஊடாகத்தான் போகிறது. பௌர்ணமி இரவில் பாதை நெடுகிலும் அன்னதானப் பந்தல்கள்; குடிநீர்த் தொட்டிகளிலும் நிழற்குடைகளிலும் உபயதாரர் பெயர்கள். டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்து உபயம் எழுதும் கதை தமிழ்நாட்டுக்குப் பழைய நகைச்சுவை. இங்கே அது நகைச்சுவையாகக்கூடப் படாது. கொடுக்கும் மனம் இந்த ஊருக்குக் குறைவில்லை, பணமும் வருகிறது. ஆனால் இந்தக் கொடைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: கொடுப்பவர் பார்க்க, வாங்குபவர் உண்டு எழுகிறார், அன்றே கணக்கு முடிந்துவிடுகிறது. மனநலப் பணியில் பலன் என்பது பெரும்பாலும் நடக்காமல் போன ஒன்று. ஒரு மாணவி பள்ளியை விட்டு நிற்கவில்லை. ஒருவன் பூச்சிமருந்து டப்பாவை எடுக்கவில்லை. நடக்காததற்கு உபயம் எழுத முடியாது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் குழுக்களும் பெரும்பாலும் இந்த அன்னதான மனப்பான்மையிலேயே யோசிக்கின்றன. கட்டடம், கழிப்பறை, ஸ்மார்ட் வகுப்பறை என்று போகிறது பணம். தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் அரசுப் பள்ளிகளுக்கான கம்பெனி நிதிக்கு ஒரு முறையான வாசலைத் திறந்தது. அந்த வாசலிலும் முதலில் நுழைவது கட்டமைப்புதான்.

ஊரின் இடஅமைப்பும் நிதி திரட்டுபவருக்கு எதிராகவே இருக்கிறது. கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்கிறது சட்டம். தமிழ்நாட்டின் பெருந்தொழில்கள் சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவைப் பக்கங்களில் குவிந்திருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் குறிப்பிடத்தக்க தொழிற்பகுதி செய்யாறு சிப்காட் மட்டுமே. அது மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், காஞ்சிபுரத்துக்கு அருகில் இருக்கிறது. மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்தவை ராமநாதபுரமும் விருதுநகரும். அந்தப் பட்டியல் வழியாக வரும் கவனமும் இங்கே வராது. ஆனாலும் ஒரு வாதம் இருக்கிறது, திறமையான நிதி திரட்டுநர் அதை விடமாட்டார். செங்கம், கலசப்பாக்கம், போளூர், ஜவ்வாது மலைப் பகுதிகளின் இளைஞர்கள் பன்னிரண்டாம் வகுப்போ ஐடிஐயோ முடித்ததும் வேலைக்குப் போவது அந்தத் தொழிற்பகுதிகளுக்கே. கம்பெனி வேன், விடுதி அறை, மூன்று ஷிப்டு என்று அவர்கள் வாழ்க்கை அங்கே தொடர்கிறது. ஆலைக்கு ஆள் எங்கிருந்து வருகிறதோ அதுவும் ஆலையின் சுற்றுவட்டாரம்தானே என்ற வாதத்தைப் பல கம்பெனிகளின் குழுக்களிடம் முன்வைக்கலாம். முன்னுரிமை என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, வெளியே செலவிடக் கூடாது என்று சொல்லவில்லை. இங்கே ஒரு கோடு மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். கம்பெனியின் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் பணி சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. ஊழியர்களுக்கு ஆலோசகர் வேண்டும் என்று கேட்கும் கம்பெனியிடம் அதைத் தனிக் கட்டணச் சேவையாகத்தான் தரவேண்டும். இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கலப்பது பின்னால் தணிக்கையில் தலைவலியாகும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் வெளிநாட்டவர். ரமணாசிரமத்தைச் சுற்றியும் அடி அண்ணாமலை வரையிலும் ஆண்டில் பல மாதங்கள் தங்கும் வெளிநாட்டு அன்பர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் உள்ளூர் அமைப்புக்கு ரூபாயாகவே பத்தாயிரம் கொடுத்தாலும், கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட நன்கொடை டெல்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்துசேர வேண்டும். அதில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. இதைப் பார்த்துப் பயந்து, ஒரகடத்தில் உள்ள பன்னாட்டுக் கம்பெனியின் பணமும் வெளிநாட்டுப் பணமாகிவிடுமோ என்று தயங்கும் சிறு அமைப்புகள் உண்டு. அந்நிய முதலீட்டு வரம்புக்கு உட்பட்டு இந்தியாவில் பதிவான கம்பெனி, பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டவர் கையில் இருந்தாலும், 2016 திருத்தத்தின்படி வெளிநாட்டு மூலமாகக் கருதப்படுவதில்லை. அதன் சிஎஸ்ஆர் நிதியை வாங்கத் தடையில்லை.

வேலையின் ஓட்டம் நிதியாண்டை ஒட்டியது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தேடலும் அறிமுகமும்: கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆர் இணைப்பைப் படித்து, சென்ற ஆண்டு எதற்குக் கொடுத்தார்கள், எவ்வளவு செலவாகாமல் கிடந்தது என்று பார்ப்பது. பிறகு புரோபோசல். அது ஏறத்தாழ எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். களத்தில் தமிழில் நடப்பதை ஆங்கிலத்துக்கு மாற்றத் தெரிந்தவர் இல்லாததாலேயே பல நல்ல கிராமத்து அமைப்புகள் இந்த வரிசையில் நிற்பதே இல்லை. அடுத்தது ஆவணங்கள்: அறக்கட்டளைப் பத்திரம், 12ஏ, 80ஜி வரிச்சலுகைப் பதிவுகள், மூன்றாண்டு தணிக்கை அறிக்கை, 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு. ஒப்பந்தம் கையெழுத்தானதும் தவணைகள், காலாண்டு அறிக்கை, பட்டயக் கணக்காளர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்று. பணம் ஒதுக்கிய காரியத்துக்கே போனது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி இயக்குநர் குழுவுக்குச் சான்றளிக்க வேண்டியிருப்பதால், ஒரு பில் குறைந்தாலும் தொலைபேசி அடிக்கும். ஜனவரிக்குப் பிறகு வேறு ஒரு பரபரப்பு. செலவாகாத தொகையைத் தொடர்திட்டமானால் தனிக் கணக்குக்கும், இல்லையென்றால் அரசு நிதியங்களுக்கும் மாற்றவேண்டும் என்பதால், மார்ச் 31க்குள் செலவழிக்க ஏதாவது இருக்கிறதா என்று கம்பெனியே கேட்கும். அப்போது கிடைக்கும் பணத்தில் பொருள் வாங்கலாம், ஆலோசகரை நியமிக்க முடியாது.

ஆலோசகரின் சம்பளம்தான் இந்தத் துறையின் தீராத வழக்கு. சிஎஸ்ஆர் விதியில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருக்கிறது. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கான வரம்பு. களத்தில் பணியாற்றும் அமைப்பின் செலவு அதில் வராது என்பதை கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் விளக்கத்திலேயே தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் கூட்ட மேசையில் அந்த 5 சதவீதம் தொண்டு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல்மீதுதான் வைக்கப்படுகிறது. கிணறு வெட்டும் திட்டத்தில் மேற்பார்வையாளர் சம்பளம் கூடுதல் செலவு என்று சொன்னால் புரிந்துகொள்ளலாம். மனநலப் பணியில் மனிதர்தான் திட்டம்; சம்பளத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பேனர். இதைப் புரிந்துகொண்ட கொடையாளர்கள் பெரும்பாலும் சிஎஸ்ஆர் வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். மாரிக்கோ நிறுவனர் ஹர்ஷ் மாரிவாலா 2015இல் மனநலத்துக்கென்றே தொடங்கிய மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ், டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஐகால் தொலைபேசி ஆலோசனைச் சேவைக்கு ஆதரவு தந்தது ஒரு நல்ல முன்மாதிரி.

சம்பளத்துக்கு அடுத்த சண்டை எண்ணிக்கை. ஒரு மாதிரிக் கணக்கை விரித்துப் பார்க்கலாம். திருவண்ணாமலை, துரிஞ்சாபுரம் ஒன்றியங்களில் பத்து அரசுப் பள்ளிகள். மாதம் 30,000 ரூபாயில் இரண்டு ஆலோசகர்கள்: ஆண்டுக்கு 7,20,000. பயணம் 1,20,000. மனநல மருத்துவர் ஒருவரின் மேற்பார்வைக்கு 1,80,000. கணக்கு, அச்சு, தொலைபேசி 1,00,000. மொத்தம் 11,20,000 ரூபாய். பள்ளிக்கு 400 பேர் வீதம் 4,000 மாணவர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்தியதாகக் கணக்கிட்டால், எக்செல் தாளின் கடைசிக் கட்டத்தில் தலைக்கு 280 ரூபாய் என்று வரும். அவர்களில் 200 பேர் தனியாக வந்து தொடர்ந்து பேசினார்கள் என்று அவர்களை மட்டும் எண்ணினால், தலைக்கு 5,600 ரூபாய். பணமும் ஆளும் வேலையும் ஒன்றே. முதல் எண்ணைப் பார்க்கும் குழு மலிவு என்று மகிழும், இரண்டாவதைப் பார்த்தால் முகம் சுளிக்கும். அதனால் நிதி திரட்டுபவருக்கு 4,000ஐ மட்டும் காட்டும் ஆசை வரும். அப்படிக் காட்டி வாங்கிய பணம் அடுத்த ஆண்டு 8,000 கேட்கும். ஆலோசகர்கள் தனி உரையாடலைக் குறைத்துக்கொண்டு பிரார்த்தனைக் கூட்டங்களில் மைக் பிடித்து நிற்பார்கள்; உதவி தேவைப்பட்ட அந்த 200 பேர் கணக்கிலிருந்தே காணாமல் போவார்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, இரண்டாவதற்காகவே முதலாவது நடக்கிறது என்று விளக்குவதுதான் நேர்மையான வழி. பிரச்சினையைக் கண்டுணர்ந்து மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பப்பட்டவர்கள் எத்தனை, அவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை, பள்ளிக்குத் திரும்பியவர்கள் எத்தனை என்ற எண்கள் சிறியவை. ஆனால் அசைக்க முடியாதவை. காப்பாற்றிய உயிர்கள் என்று ஓர் எண்ணைப் போடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அதை யாராலும் நிரூபிக்க முடியாது.

படம் கேட்பதும் எண் கேட்பதைப் போலத்தான் நடக்கிறது. அறிக்கையில் ஒரு முகம் வேண்டும், ஆண்டு விழாவில் ஒரு மாணவி மேடையேறித் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்று நல்லெண்ணத்தோடே கேட்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறுபவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய படத்தையோ தகவலையோ ஊடகங்களுக்குத் தருவதைத் தடுக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அடி அண்ணாமலை போன்ற ஊரில் பெயரை மாற்றி, தெருவை மறைத்து எழுதினாலும் யார் வீட்டுப் பெண் என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சு வரை அது பின்தொடரும். எனவே ஆசிரியர்களும் ஆலோசகர்களும் பேசுகிறார்கள். மாணவர்களின் ஓவியங்கள் அவர்கள் சம்மதத்தோடு பெயரில்லாமல் போகின்றன. பல பேருடைய அனுபவங்களைச் சேர்த்து எழுதிய விவரிப்பு, அப்படிச் சேர்த்தது என்ற குறிப்புடன் தரப்படுகிறது. ஸ்லைடுகளில் தற்கொலை முறை, கடிதம், இடம் போன்ற விவரங்களைச் சேர்ப்பதில்லை. அவை போலச்செய்தலைத் தூண்டும் என்பதால் 2019இல் இந்தியப் பத்திரிகைக் குழுமமும் ஊடகங்களுக்கு இதையே வலியுறுத்தியது.

யாருடைய பணம் என்ற கேள்வி இளையோர் மனநலத்தில் மற்ற துறைகளைவிடக் கூர்மையானது. புகையிலை, மதுபானக் கம்பெனிகளை மறுப்பது எளிது. தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்து செய்தியாகி, 2023 ஏப்ரலில் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய விளையாட்டுக் கம்பெனியிடமிருந்து ஆலோசனை மையத்துக்குப் பணம் வாங்குவது எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லி தயாரிப்பாளர், நீட் பயிற்சி மையம், சமூக ஊடகக் கம்பெனி, நுண்கடன் நிறுவனம் என்று வரும்போது கோடு மங்குகிறது. வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே பயன்படும். கனடாவின் பெல் தொலைத்தொடர்பு நிறுவனம் 2010இல் தொடங்கிய 'லெட்ஸ் டாக்' இயக்கம் ஆண்டில் ஒரு நாள் அனுப்பப்படும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் 5 சென்ட் வீதம் மனநலத்துக்குக் கொடுத்துப் பெரும் தொகை சேர்த்தது. அதே நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் 2017இல் தங்கள் வேலை அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். 2024 பிப்ரவரியில், இயக்க நாள் முடிந்து இரண்டு வாரத்தில், 4,800 வேலைகள் குறைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. பணம் நல்ல காரியத்துக்குப் போனது உண்மை. அதை வாங்கிய அமைப்புகளுக்கு அந்த அறிவிப்பு சங்கடமாகவும் இருந்திருக்கும். கம்பெனியை ஏற்பதா மறுப்பதா என்பதை நிதி திரட்டுபவர் தனியாக முடிவுசெய்யாமல், அறங்காவலர் குழு முன்கூட்டியே எழுதிவைத்த கொள்கைப்படி முடிவெடுப்பதே வழக்கமாக வேண்டும். விளம்பரப் பலனுக்கான ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆர் ஆகாது என்று 2021 விதிகள் சொல்வதும் இதற்கு ஓரளவு துணை.

இந்த வேலையைச் செய்பவர்கள் சென்னை சமூகப் பணிப் பள்ளி போன்ற இடங்களில் எம்எஸ்டபிள்யூ படித்தவர்களாகவோ, வங்கி, விற்பனை வேலைகளை விட்டு வந்தவர்களாகவோ இருப்பது வழக்கம். சென்னையில் அது தனிப் பதவி. திருவண்ணாமலைப் பக்கத்துச் சிறு அமைப்பில் நிறுவனரே காலையில் ஆலோசகர், மதியம் கணக்காளர், இரவில் புரோபோசல் எழுதுபவர். திரட்டும் தொகையில் சதவீதக் கமிஷன் கொடுப்பதை உலகளாவிய நிதி திரட்டுநர் சங்கங்களின் நெறிமுறைகள் ஏற்பதில்லை. இங்கும் சிலர் அப்படிக் கேட்டு வருகிறார்கள், ஏற்காமலிருப்பதே நல்லது. அதிகம் பேசப்படாத ஒரு பாதிப்பும் இருக்கிறது. ஆலோசகருக்கு மேற்பார்வையாளர் இருக்கிறார், கேட்ட துயரத்தை இறக்கிவைக்க இடம் இருக்கிறது. அதே துயரத்தை வாரத்துக்கு மூன்று கூட்டத்தில், பத்து நிமிடத்துக்குள், எதிரில் இருப்பவர் மனம் இளகும்படி சொல்ல வேண்டிய நிதி திரட்டுபவருக்கு அப்படி ஏற்பாடு எதுவும் இருப்பதில்லை. மனநல அமைப்பு ஒன்று தன் ஊழியர் விஷயத்தில் முதலில் சரிசெய்ய வேண்டிய குறை இது.

எல்லாக் கூட்டுறவும் ஒரு நாள் முடியும். சிஎஸ்ஆரில் தொடர்திட்டம் என்பது தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளைத் தாண்ட முடியாது. ஆறாம் வகுப்பில் ஆலோசகரைச் சந்தித்த பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டுவதற்குள் பணம் தீர்ந்திருக்கும். அரசின் பக்கம் இப்போது பிடிமானங்கள் சில உண்டு: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழகத்தின் 104 தொலைபேசி உதவிச் சேவை, மாவட்ட மனநலத் திட்டம். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பிறப்பித்த வழிகாட்டுதலும் சேர்ந்திருக்கிறது. எனவே கவனமாக எழுதப்படும் ஒப்பந்தங்களில் கடைசி ஆண்டுக்கென ஒரு தனிப் பகுதி இருக்கும்: எந்தப் பள்ளி எந்த மாதத்தில் அரசுத் திட்டத்தின் கைக்கு மாறும், தொடர்ந்து பார்க்கப்படும் மாணவர்களின் கோப்புகள் யார் ஒப்புதலோடு யாரிடம் போகும், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் எப்போது பயிற்சி பெறுவார்கள், நிதி நின்றபின் ஆலோசகர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் கையிருப்பில் இருக்கும் என்பவை அதில் தொகையோடும் தேதியோடும் குறிக்கப்படும்.